முன்னால் ஓடியவன்

எல்கானா கிப்தாருஸ் தன் வாழ்நாளில் ஒரு மாரத்தானைக்கூட ஓடி முடித்ததில்லை. ஆனால் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நடந்த பெரிய மாரத்தான்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவனை நிச்சயம் பார்த்திருப்பார்கள். கூட்டத்துக்கு முன்னால், கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பனியனில், தலையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்தபடி ஓடுகிற ஒல்லியான மனிதன் அவன்தான். அந்த வேலைக்குப் பேஸர் என்று பெயர். வெல்ல வந்தவர்கள் எதிர்க்காற்றைப் பற்றியும் கடிகாரத்தைப் பற்றியும் கவலைப்படாமல் பின்னால் வரலாம். அவர்களுக்காக ஒருவன் சொன்ன வேகத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுவான். மொத்தம் நாற்பத்திரண்டில் முப்பதாவது கிலோமீட்டர் வந்ததும் அவன் ஓரமாக ஒதுங்கிவிட வேண்டும். மற்றவர்கள் அவனைத் தாண்டிப் போவார்கள். யாராவது ஒரு போர்வையைத் தோளில் போட்டு, விடுதிக்குப் போகும் வண்டியைக் காட்டுவார்கள்.

மற்ற ஓட்டக்காரர்களின் மார்பில் அவரவர் பெயர் அச்சடித்திருக்கும். அவன் மார்பில் 'பேஸ்' என்ற சொல் மட்டும்தான்.

கென்யாவில் நந்தி மலைப்பக்கம் அவன் ஊர். அங்கே ஒரு கடைத் தொலைக்காட்சியில் அவனைப் பார்த்துவிட்டு அவன் அம்மா போனில் கேட்பாள்: "முன்னால்தானே போனாய்? பிறகு எங்கே காணாமல் போனாய்?" ஒவ்வொரு முறையும் விளக்குவான். அடுத்த முறையும் அவள் அதையேதான் கேட்பாள்.

அவனுக்கு ஓர் அண்ணன் இருந்தான், ஹோசியா. இருவரில் வேகமானவன் அவன்தான். பத்தொன்பது வயதில், மாவட்டப் போட்டியொன்றில் கடைசிச் சுற்றில், முதலாவதாக வந்துகொண்டிருந்தபோது குப்புற விழுந்தான், பிறகு எழும்பவில்லை. மலேரியாக் காய்ச்சலோடு ஓடியிருக்கிறான் என்று சிலர் சொன்னார்கள். யாரோ பொறாமையில் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். குடும்பம் மலேரியாவை நம்பிக்கொண்டது. எல்கானாவும் அப்படியே நம்பினான்.

இளம் வயதில் அவனை அழைத்துப் போன முகவர், "இந்த வருடம் முன்னால் ஓடு, அடுத்த வருடம் உனக்கென்று ஓடலாம்" என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். அவன் தவறில்லாமல் வேகம் பிடிப்பான் என்பது பரவிவிட்டது. நல்ல பேஸரை இழக்க யாருக்கும் மனமில்லை. ஒரு தடவை, ஜெர்மனியில் ஒரு நகரத்தில், முப்பது கிலோமீட்டர் முடிந்தபோது அவன் கால்கள் கொஞ்சமும் களைக்கவில்லை. நிற்காமல் இன்னும் சில நூறு மீட்டர் ஓடினான். பக்கத்தில் சைக்கிளில் வந்த அதிகாரி கையைக் காட்டிக் கத்தினார். ஒதுங்கிவிட்டான். பின்னால் வந்தவன் அன்று வென்றான். பேட்டி கொடுக்கும்போது இவன் பெயரைத் தப்பாகச் சொல்லி நன்றி கூறினான்.

ஆக்லாந்துக்கும் அவன் வந்தது அந்த வேலைக்குத்தான். ஓட்டம் முடிந்ததும், நகரத்தின் தென்பகுதியில் ஒரு தடகளக் கழகம் தங்கள் வீரன் ஒருவனுக்கு உடன் ஓடிப் பயிற்சி கொடுக்க ஆள் தேடியது. தங்கிவிட்டான்.

துஷானியை அவன் பார்த்தது ஆக்லாந்தின் ஒனிஹங்காப் பகுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு. வெளியே நல்ல மழை. மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தவனிடம், எங்கே போக வேண்டும், காரில் விடட்டுமா என்று கேட்டாள். "பாப்பாடோய்டோய். பத்துக் கிலோமீட்டர்தான். பரவாயில்லை, ஓடியே போய்விடுவேன்" என்றான். பகடி விடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். அவன் உண்மையாகவே காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கப் போனான்.

துஷானி மருத்துவமனையில் இதயத்தை எக்கோ கருவியால் படம் பிடிக்கும் தொழில்நுட்பவியலாளர். பெற்றோர் இலங்கை மன்னார்க்காரர். அப்பா சிறில் பேசாலையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, இங்கே வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து மகளைப் படிப்பித்தவர். இருவரும் மணக்கப் போகிற விஷயம் தெரிந்த அன்று அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எங்கட சனத்தில ஒரு பொடியனும் உனக்குக் கிடைக்கேல்லையோ? போயும் போயும் ஒரு காப்பிலியையோ கொண்டு வாறாய்?"

"அந்தச் சொல்லை இனி இந்த வீட்டில கதைக்காதேங்கோ அப்பா. அவருக்குப் பேர் இருக்கு. எல்கானா."

அம்மா புஷ்பமலர்தான் மெதுவாக வாயைத் திறந்தார். "எல்கானாவோ? அது வேதத்தில அன்னாவின்ர புருசன்ர பேரெல்லே?"

கலியாணத்துக்குச் சிறில் வந்தார். முதல் வரிசையில் இருந்தார். படத்துக்கு மட்டும் நிற்கவில்லை.

இருவரும் தகனினி என்ற புறநகரில் புது வீடுகள் வரிசையாக எழும்பிய தெருவொன்றில் குடியேறினார்கள். எல்கானாவுக்கு விரி என்ற பகுதியில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. பிள்ளை ஒரு மாலையில் பிறந்தாள். அவன் மக்களின் வழக்கப்படி, மாலையில் பிறந்தவள் என்ற பொருளில் ஜெலகத் என்று பெயர் வைத்தான். வீட்டில் ஜெலா. தாயும் தகப்பனும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். கோபம் வந்தால் துஷானி தமிழுக்குத் தாவுவாள். சில வருடங்களில் அவனுக்கு அதுவும் விளங்கத் தொடங்கியது.

சிறில் மாறியது ஒரு விடியற்காலையில். ஒனிஹங்காக் கடற்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். மருமகன் நடைபாதையில் அவரைக் கவனிக்காமல் ஓடிப்போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான். காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வயதான வெள்ளைக்காரர் ஒருவர் நாயோடு நின்று, அவன் மறையும்வரை வாயைத் திறந்தபடி பார்த்தார். "உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று அவர் கேட்டபோது சிறிலின் வாயில் தானாகவே வந்தது: "என் மகன்."

அதற்குப் பிறகு அவர் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். எல்கானா ஓட, கூடையில் தண்ணீர்ப் போத்தல்களோடு அவர் பின்னால் மிதித்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, "கொஞ்சம் மெதுவா ஓடு மகன், நான் கிழவன்" என்பார். எல்கானா அவரை "மாமா" என்று கூப்பிடப் பழகினான்.

அவனுக்கு இருந்தது ஒரே ஆசைதான். தன் பெயர் போட்ட பனியனோடு ஒரு பெரிய மாரத்தானைத் தொடங்கி, முடிக்க வேண்டும். நியூசிலாந்துக்காக ஓடலாம் என்று கழகப் பயிற்சியாளர் சொன்னார். அதற்குக் குடியுரிமை வேண்டும். அது வந்த பிறகும், நாடு மாறி ஓடுகிறவன் சில வருடங்கள் சும்மா காத்திருக்க வேண்டும் என்பது விதி. அவன் காத்திருந்தான். அந்த வருடங்களில் எந்த நாட்டுக்காகவும் ஓட முடியாது. ஆனாலும் ஒரு காலைகூடத் தவறவிடவில்லை. விரியில் வேலை முடிந்து, பாதுகாப்புச் சப்பாத்தைக் கழற்றி, ஓட்டச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வீடுவரை ஓடி வருவான். முப்பத்து நான்கு வயது கடந்தபோது அனுமதி வந்தது. ஜூலையில் ஆஸ்திரேலியாவில் ஒரு மாரத்தான். அதில் குறித்த நேரத்துக்குள் முடித்தால் நாட்டின் அணியில் இடம் உண்டு. சிறில் அன்று கேக் வாங்கிக்கொண்டு தகனினிக்கு வந்தார். முதல் துண்டை மருமகனுக்கு ஊட்டினார்.

மே மாதத்தில் துஷானியின் பிரிவுக்குப் புதிய எக்கோ கருவியொன்று வந்தது. அதை அறிமுகப்படுத்த வந்த நிறுவனக்காரர், படம் தெளிவாகத் தெரிவதற்கு மெலிந்த உடம்புள்ள ஒருவர் கிடைத்தால் நல்லது என்றார். "என்ர மனுசனைக் கூட்டிக்கொண்டு வாறன். உங்களுக்கு அதைவிட நல்ல நெஞ்சு கிடையாது" என்றாள் துஷானி. அவளுடன் வேலை செய்யும் ரஷ்மி, கோயம்புத்தூர்ப் பெண், கைதட்டினாள். "ஆமா, சூப்பர். ஒரு ரன்னரோட ஹார்ட்டை நானும் பார்த்ததே இல்ல."

எல்கானா சட்டையைக் கழற்றிவிட்டு இடப்பக்கமாகச் சரிந்து படுத்தான். துஷானி கருவியை அவன் விலாவில் வைத்தாள். திரையில் அவன் இதயம் மெதுவாக, அவசரமில்லாமல் அடித்தது. எல்லோரும் வியந்தார்கள்.

"அது என்ன, கதவு மாதிரித் திறந்து மூடுகிறதே?" என்று அவன் கேட்டான்.

"வால்வு."

"நல்ல கதவு" என்று சிரித்தான்.

அவள் கையைக் கொஞ்சம் திருப்பினாள். இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள தசைச் சுவர் குறுக்காகத் தெரிந்தது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு இதயம் பெரிதாகும், சுவர்களும் கொஞ்சம் தடிக்கும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அது எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தடிக்கும். இது அப்படியில்லை. நடுச்சுவர் மட்டும் ஒரு பக்கத்தில் புடைத்து, இரத்தம் நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் கருவியை எடுக்க நினைத்தாள். கை எடுபடவில்லை.

ரஷ்மி திரையை நோக்கிக் குனிந்தாள். "துஷானி, அந்த இடத்தை இன்னொரு தடவை காட்டு" என்றாள் தணிந்த குரலில். காட்டினாள். ரஷ்மி அவள் தோளில் கை வைத்தாள். நிறுவனக்காரர் மட்டும் படத்தின் தெளிவைப் பற்றித் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில், காரை எடுக்காமலே துஷானி கேட்டாள்.

"உங்கட அண்ணா எப்பிடிச் செத்தவர்?"

"சொல்லியிருக்கிறேனே. மலேரியா."

"ஓடிக்கொண்டிருக்கேக்கயா?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தசை தடிக்கிற நோய், பரம்பரையாக வருவது, பலருக்கு ஒரு குறியும் காட்டாதது, ஓட்டத்தின் நடுவில் இதயத்தை ஒழுங்கில்லாமல் துடிக்க வைத்து நிறுத்திவிடக் கூடியது. சொல்லிக்கொண்டிருந்தபோதே அவன் முகம் அவளுக்குத் தெரியாத ஒருவனின் முகமாக மாறியது.

"அந்தப் படம் எங்காவது பதிவாகியிருக்கிறதா?"

"இல்லை. அது வெறும் டெமோ."

"அப்படியென்றால் யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"ஜூலை வரைக்கும், துஷா. ஒரே ஒரு ஓட்டம். முடித்துவிட்டு வந்து நீ சொல்கிற இடத்திலெல்லாம் படுக்கிறேன்."

"முடிக்காட்டி?"

"ஓடுகிறவர்களுக்கு இதயம் பெரிதாகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதுவாகத்தான் இருக்கும்."

"நீங்கள் சோதிக்காமல் வெளிக்கிட்டால் நானே தேர்வுக் குழுவுக்கு அறிவிப்பன்" என்றாள் தமிழில். அவனுக்கு விளங்கியது. காரிலிருந்து இறங்கினான். அன்று அவன் வீட்டுக்கு ஓடித்தான் வந்தான். அவள் நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்த வாகனங்களுக்கு நடுவே, ஒவ்வொரு சைரன் சத்தத்துக்கும் கண்ணை மூடித் திறந்தபடி வந்து சேர்ந்தாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து ஜெலாவின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவன் பரிசோதனைகளுக்குப் போனான். அவள் பார்த்தது பிழை என்று காட்டுவதற்காகத்தான் போனான். எம்.ஆர்.ஐ. படத்தில் சுவருக்குள் தழும்புகள் தெரிந்தன. நெஞ்சில் ஒட்டி அனுப்பிய சிறு கருவி, அவன் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் இதயம் சில கணங்கள் தறிகெட்டு ஓடியதைப் பதிந்து வைத்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. இதய நிபுணர், நரைத்த தலைமுடியுள்ள பெண்மணி, கதிரையை அவனுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் சொன்னார்.

"ஜூலையை மட்டும் நான் சொல்லவில்லை, எல்கானா. ஓட்டத்தையே சொல்கிறேன்."

"மெதுவாக ஓடினால்?"

"நடக்கலாம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

அவர் துஷானியைப் பார்த்தார். துஷானி தரையைப் பார்த்தாள்.

தேர்வுக் குழுவிலிருந்து மரியாதையாகத் தொலைபேசியில் பேசினார்கள். பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. எல்கானாவின் இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். இதயம் தறிகெட்டால் அது மின்னதிர்ச்சி கொடுத்துத் திருப்பி எடுக்கும். மெலிந்த உடம்பில் அது புடைத்துக்கொண்டு தெரிந்தது. ஜெலா அதைத் தொட்டுப் பார்க்கக் கேட்டாள். தொடவிட்டான்.

ஜூலையில் அந்த மாரத்தான் நடந்த காலையில் சிறில் தகனினிக்கு வந்திருந்தார். தொலைக்காட்சியைப் போடுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்கானாவே போட்டான். முழுவதையும் பார்த்தான். முப்பதாவது கிலோமீட்டரில் பேஸர் ஒதுங்கியபோது, "நன்றாகப் பிடித்துக் கொடுத்தான்" என்றான்.

வசந்தம் வந்தது. காலையில் ஒனிஹங்காவில் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போவான். சிறிலும் பழையபடி தூண்டிலோடு வருவார். மருமகன் நடப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பார். ஒரு நாள் அவன் நடை வேகமாயிற்று. பிறகு அது நடையாக இல்லை. சிறில் தூண்டிலைக் கீழே எறிந்துவிட்டு எழும்பினார். "மகன்! நில்லு மகன்!" அவன் காதில் விழுந்ததோ இல்லையோ, கைகள் தாழ்ந்து, தலை இடப்பக்கம் சாய்ந்து, கால்கள் பாதையைத் தொட்டும் தொடாமலும் போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு அழகாக அவன் ஓடி நான் பார்த்ததில்லை என்று சிறில் பிறகு சொன்னார்.

திடீரென்று அவன் நெஞ்சில் யாரோ உதைத்ததுபோல் உடம்பு பின்னால் வெட்டியது. ஒரு சத்தம் வந்தது; மனிதன் போடும் சத்தமாக அது சிறிலுக்குக் கேட்கவில்லை. விழுந்தான். விழுந்த இடத்தில் இன்னொரு தடவை உடம்பு தூக்கிப்போட்டது. சிறில் போய்ச் சேரும்போது அவன் கண்கள் திறந்திருந்தன. அவர் முழங்காலில் விழுந்து அவன் தலையை மடியில் எடுத்தார்.

"என்ர ராசா, என்ர மகன், இஞ்ச பார், மாமாவைப் பார்."

"மாமா. நான் செத்துப்போனேனா?"

"இல்லை மகன். பெட்டி அடிச்சது. நீ இருக்கிறாய்."

அவன் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு அழத் தொடங்கினான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பிள்ளைபோல் அழுதான்.

"எதற்கு இதை வைத்தாள்? ஹோசியாபோல் விட்டிருக்கலாம். ஓடிக்கொண்டே போயிருப்பேன்."

அம்புலன்ஸ் வரும்வரை அவர் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவன் சொன்னதை மகளிடம் சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனையில் அவன் அதையே அவளிடம் நேரே சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

சிறில் அதற்குப் பிறகு கடற்கரைக்குப் போகவில்லை. சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

கருவி மின்னதிர்ச்சி கொடுத்த பிறகு பல மாதங்களுக்கு வண்டி ஓட்டக் கூடாது. அதனால் ஃபோர்க்லிஃப்ட் வேலையும் போயிற்று. பண்டகசாலையில் அவனைப் பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். நின்ற இடத்தில் நின்று செய்யும் வேலை. பக்கத்து மேசைக்காரர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. கென்யா என்றதும் ஒருவன் வழக்கமான பகடியைச் சொன்னான்: "அப்ப நீ நல்லா ஓடுவாயே?" எல்கானா, "இல்லை" என்றான்.

அவன் துஷானியைத் திட்டவில்லை. வீட்டை விட்டுப் போகவில்லை. சமைத்தான், பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போனான், தகனினித் தெருவின் மற்ற வீட்டுக்காரர்களைப்போலவே குப்பைத் தொட்டியை வெளியே வைத்தான். ஆனால் அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவள் மருத்துவமனை உடையோடு வந்தால், அதை மாற்றும்வரை வேறு அறையில் இருப்பான். அவளுக்கும் மாற்றம் வந்தது. இளம் விளையாட்டு வீரர்கள் யாராவது பரிசோதனைக்கு வந்தால், "ரஷ்மி, இவரை நீ எடு" என்று எழும்பிவிடுவாள். ரஷ்மி ஒருநாள் கேட்டாள்: "நீ அன்னிக்குப் பாக்காம இருந்திருந்தா அவர் இன்னிக்கு இருக்கவே மாட்டார். அது உனக்குத் தெரியும்ல?" துஷானி சொன்னாள்: "இப்ப மட்டும் இருக்கிறாரோ?"

ஒரு கேள்வி மட்டும் வீட்டுக்குள் யாரும் தொடாமல் கிடந்தது. நோய் பரம்பரையாக வருவது. ஜெலாவுக்கு எட்டு வயது. தகப்பனின் கால்கள் அவளுக்கு. முழங்காலுக்குக் கீழே நீண்ட, மெல்லிய கால்கள். பள்ளியில் பையன்கள்கூட அவளைப் பிடிக்க மாட்டார்கள். அவளைச் சோதிக்க வேண்டும் என்று துஷானி சொன்னபோதெல்லாம் எல்கானா மறுத்தான். "அவளையாவது விடு" என்பான். கடற்கரையில் விழுந்த பிறகு, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவனாகவே சொன்னான்: "கூட்டிப் போ. ஆனால் நீ பார்க்காதே. வேறு யாராவது பார்க்கட்டும்."

ரஷ்மிதான் பார்த்தாள். அறைக்கு வெளியே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறந்து வந்த ரஷ்மி அவர்களைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்விட்டாள். அதிலேயே அவர்களுக்கு விளங்கிவிட்டது. பிறகு நிபுணர் சொன்னார்: தடிப்பு தொடங்கிவிட்டது, இந்த வயதுக்கு அதிகம், மருந்து கொடுக்கலாம், கவனித்துக்கொண்டே இருக்கலாம், போட்டி ஓட்டம் மட்டும் கூடாது.

அடுத்த வாரம் பள்ளியில் புல்வெளிகளைச் சுற்றி ஓடும் கிராஸ் கன்ட்ரி ஓட்டம். ஜெலா ஒரு மாதமாக அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். "நான் சொல்றன்" என்றாள் துஷானி. "ஏற்கனவே ஒரு தடவை சொன்னனான். அந்தப் பழி என்னிலயே இருக்கட்டும்."

எல்கானா தலையை ஆட்டினான். "இல்லை. இதை நான் சொல்கிறேன்."

ஆனால் அவனால் அந்த வாரம் முழுவதும் சொல்ல முடியவில்லை. ஓட்டம் நடந்த காலையில்தான், பள்ளி மைதானத்தில், பிள்ளைகள் வரிசையில் நிற்கத் தொடங்கியபோது, அவள் முன்னால் குந்தியிருந்து, ஓடக் கூடாது என்று சொன்னான். அவளுக்குக் காய்ச்சல் இல்லை, காலில் காயம் இல்லை. எதற்காக என்று அவளுக்கு விளங்கவில்லை.

"பட் ஐ'ம் நாட் சிக், டாடி."

"தெரியும்."

"யூ ஆர் த சிக் ஒன்."

"ஆமாம். எனக்கிருப்பது உனக்கும் இருக்கிறது. நான்தான் தந்தேன்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு மார்பில் குத்தியிருந்த இலக்கத் தாளைப் பிய்த்து அவன் மேல் எறிந்துவிட்டுப் போய், மரத்தடியில் மற்றப் பிள்ளைகளின் சட்டைகள் குவிந்திருந்த இடத்தில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். துப்பாக்கிக்குப் பதிலாக ஆசிரியை விசில் ஊதினார். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். எல்கானா குந்தியிருந்த இடத்திலேயே இருந்தான்.

அன்று மாலை துஷானி வேலையிலிருந்து வந்தபோது அவன் சமையலறையில் நின்றான். அவள் உடை மாற்றவில்லை. அவனும் விலகிப் போகவில்லை.

"அன்று கார் நிறுத்துமிடத்தில்..." என்று தொடங்கினான். "அதை என்னிடம் எப்படி உன்னால் சொல்ல முடிந்தது?"

"தெரியேல்லை" என்றாள். "இப்பவும் தெரியேல்லை."

இருவரும் அழவில்லை. ஒருவரை ஒருவர் தொடவும் இல்லை. அடுப்பில் ஏதோ கொதித்தது. அவள் போய்த் தீயைக் குறைத்தாள்.

ஜெலா தகப்பனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். துஷானி ஓட்டும் காரில் பின் இருக்கையில் ஜன்னல் பக்கம் திரும்பி இருப்பாள். மருந்தை அம்மா கொடுத்தால் மட்டும் விழுங்குவாள். சில இரவுகளில் கையை நெஞ்சில் வைத்தபடி தூங்குவதைத் துஷானி கண்டாள்.

ஒரு சனிக்கிழமை, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. துஷானி வேலைக்குப் போயிருந்தாள். எல்கானா வரவேற்பறையின் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜெலா வெளியே நடைபாதையில் நின்றாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்தாள்.

அவள் ஓடத் தொடங்கியதும் அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். "ஜெலா!" அவள் நிற்கவில்லை. ஒரே மாதிரியான வீடுகள், ஒரே மாதிரியான வேலிகள், அவற்றுக்கு முன்னால் அவள் போய்க்கொண்டிருந்தாள். எல்கானா மூன்று நான்கு எட்டு ஓடினான். நெஞ்சு இறுகியது. தோலுக்குக் கீழே இருந்த பெட்டி ஞாபகம் வந்தது. தெரு நடுவில் விழுந்தால் இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்து நின்றான். பிறகு நடந்தான். கைகளை வீசி வீசி, எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தான். "நில்லு! ஜெலா! நில்லு மகள்!" என்று தமிழில் கத்தினான். தன் மொழியிலும் கத்தினான். அவள் தூரத்தில் சிறுத்துக்கொண்டே போனாள். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அயலவர் ஒருவர் குழாயைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்.

தெரு முடியும் இடத்தில், புதிதாகக் கட்டும் வீடொன்றின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அவளாகவே நின்றாள். அவன் போய்ச் சேர வெகு நேரம் எடுத்தது. அவள் முகம் சிவந்து, தலைமுடியெல்லாம் வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடினான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"சீ? நத்திங் ஹாப்பண்ட்" என்றாள். கண்களில் தண்ணீர் நின்றது. "நத்திங் ஹாப்பண்ட், டாடி."

எல்கானா வேலியோரத்துப் புல்லில் உட்கார்ந்தான். அவளும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். அவள் மூச்சு அடங்கும்வரை அவன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். நாளைக்கும் அவள் ஓடுவாள் என்று அவனுக்குத் தெரிந்தது. எழும்பி, வீட்டை நோக்கி இருவரும் மெதுவாக நடந்தார்கள்.